பதில் வராத இரண்டு அழைப்புகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று சின்னமனூருக்கு வந்து சேர்ந்த பிறகு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி சாப்பாட்டைப் பற்றியவை. பிளேனில் என்ன போடுவார்கள், விமானிக்குத் தனிச் சமையலா, நடுவானத்தில் அவசரமாக ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீர்கள். வாழைத்தார் ஏலம் நடக்கும் இடத்தில் ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "மேல போனதும் அது தானா ஓடும்ங்கிறாகளே, அப்ப நீங்க ரெண்டு பேரும் அங்கன ஒக்காந்து என்னதான் செய்வீக?" சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். போன மாதம் அதே கேள்வியை ஒரு விமானியே கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

போடியிலிருந்து போய் ஒரு கம்பெனியில் துணை விமானியாக இருக்கும் பெண் அவள். அவ்வப்போது போனில் பேசுவாள். இனிமேல் காக்பிட்டில் ஒரே ஒரு விமானி போதும், மற்றதைக் கம்ப்யூட்டரும் தரையில் இருப்பவர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதாம். அவளோடு வேலை பார்ப்பவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்களாம். ஒருவர் போதும் என்றால் இத்தனை காலம் அந்த இன்னொருவர் என்னதான் சார் செய்தார் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கேப்டன் பெருமாள்சாமியின் முகம்தான் வருகிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா சின்னமனூரில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். நான் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வடக்கே ஒரு பள்ளியில் சின்ன விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, வேலை கிடைக்காமல் திரும்பி வந்து அதே கடையில் சில வருடம் வாஷரும் பேரிங்கும் விற்று, கடைசியில் ஒரு தனியார் கம்பெனியில் துணை விமானி ஆனேன். உட்காரப் பிடிக்காமல் ஓடிய ஆள் ஆயுசு முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தார் என்று என் மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காக்பிட்டில் இடது சீட்டு கேப்டனுக்கு, வலது சீட்டு துணை விமானிக்கு. ஆனால் ஓட்டுகிற வேலை எப்போதும் கேப்டனுடையது என்று இல்லை. ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். அடுத்த பயணத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் விமானத்தை மட்டும் பார்ப்பார். கவனிக்கிறவர் தரையோடு பேசுவார், செய்ய வேண்டியவற்றை வரிசையாக வாசிப்பார், உயரத்தையும் வேகத்தையும் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஓட்டுகிறவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். "ஆயிரம் அடி" என்றால் "செக்" என்று வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். இரண்டாவது தடவையும் பதில் வராவிட்டால், அந்த ஆள் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவர் இல்லை என்று வைத்துக்கொண்டு விமானத்தை நம் கைக்கு வாங்கிவிட வேண்டும். விதி அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைப் போலக் கஷ்டமான விதி வேறு கிடையாது. எங்கள் வீடுகளில் பெரிய மனிதர் பேசாமல் இருந்தால் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். முதல் தடவை கேட்டுப் பதில் வராவிட்டால் இரண்டாவது தடவை யாரும் கேட்பதில்லை. சத்தமில்லாமல் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவோம். என் அப்பா பேசாமல் உட்கார்ந்த நாட்களில் கடைப் பையன்களிலிருந்து அம்மாவரை எல்லோரும் கால் சத்தம் கேட்காமல் நடந்திருக்கிறோம்.

கேப்டன் பெருமாள்சாமிக்கு ஊர் தேவாரம். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு உள்ள பழைய விவசாயக் குடும்பம். நல்ல உயரம், கஞ்சி போட்ட சட்டை, லேசில் சிரிக்காத முகம். மற்றவர்களிடம் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார். நான் சின்னமனூர் என்று தெரிந்த நாளிலிருந்து, பறக்காத நேரங்களில் என்னிடம் தேவாரத்துத் தமிழில் திட்ட ஆரம்பித்தார். அதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன். சார் என்று கூப்பிட்டவன் அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் வீட்டம்மா முத்துலட்சுமி எனக்கு மதினி ஆனார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்றுபோனால் எதை எதைத் தொட வேண்டும் என்று கையை மட்டும் காற்றில் நகர்த்திப் பார்ப்பார். ஒவ்வொரு பயணத்துக்கும் இதைச் செய்வார். புதிதாக வந்த ஏர்ஹோஸ்டஸ் ஒருத்தி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு, கேப்டன் ஏதோ மந்திரம் போடுகிறார் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் தலையாட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஊரில் பெரியவர்கள் பேசினால் நாங்கள் தலையை ஆட்டித்தான் பழக்கம். அவர் அதை என்னிடமிருந்து பிடுங்கி எறிந்தார். "நான் முன்னால பாத்துக்கிட்டு ஓட்டுறேன். நீ பக்கத்துல தலைய ஆட்டுனா எனக்கு எப்பிடிடா தெரியும்? வாயத் தொறந்து சொல்லு" என்பார். இரண்டு அழைப்பு விதியைப் பற்றி முதல் நாளே சொன்னார். "ரெண்டு தடவ கூப்ட்டும் நான் பேசலன்னா நான் செத்துட்டேன்னு வச்சுக்க. அண்ணன், தம்பின்னு பாக்காத. வாங்கிரு."

ஒரு தடவை மேற்குக் கரையில் ஒரு ஊரில் இறங்கப் போனோம். சக்கரம் இறங்கியதற்கான மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியவில்லை. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். உடனே விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டார். பிரச்சினை வந்தால் மூத்தவன் ஓட்டக்கூடாது, யோசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் கடல்மேல் வட்டம் போட்டுக்கொண்டிருக்க, அவர் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, பார்த்து, கேட்டு, கடைசியில் சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டது, பல்புதான் போய்விட்டது என்று முடிவுக்கு வந்தார். பிறகு என்னையே இறக்கச் சொன்னார். இறங்கியதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இறங்குனதுக்கு அப்புறம் நடுங்குனா தப்பில்ல" என்றார். என்னைக் கேப்டன் ஆக்கலாம் என்று கம்பெனிக்கு முதலில் எழுதியவரும் அவர்தான்.

இனி அந்த மத்தியானம். இருபது வருடம் ஆகியிருக்கும். மதுரையிலிருந்து கிளம்பினோம். முகூர்த்தம் முடிந்து திரும்புகிற கூட்டம், ஒரு சீட்டுகூடக் காலி இல்லை. அவர் ஓட்டுகிறார், நான் கவனிக்கிறேன். சக்கரம் தரையை விட்டுக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் டமார் என்று ஒரு சத்தம். விமானம் உதறியது. கறி கருகும் வாடை காக்பிட்டுக்குள் வந்தது. பெரிய பறவை ஏதோ எஞ்சினுக்குள் போய்விட்டது என்று அந்த வாடையே சொல்லிவிட்டது.

ஒரு பக்க எஞ்சின் போனால் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். அவர் வலது காலை அழுத்தினார், மூக்கு நேரே நின்றது. இந்த மாதிரி நேரத்தில் குறிப்பிட்ட உயரம் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. கை பரபரக்கும். சும்மா இருப்பதுதான் வேலை. நான் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் "செக்" என்று பதில் வந்தது. வழக்கமான குரல், கொஞ்சம்கூட மாறவில்லை.

அதற்குப் பிறகு செய்வதை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். அவசரத்தில் கெட்டுப்போன எஞ்சினை விட்டுவிட்டு நல்ல எஞ்சினை நிறுத்தியவர்கள் உலகத்தில் உண்டு. அதனால் இடது எஞ்சின் என்று நான் சொன்னேன், ஆமாம் இடதுதான் என்று அவர் சொன்னார். அவர் அந்த எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர்மேல் கை வைத்துக் காத்திருந்தார். நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பின்னால் இழுத்தார். எரிபொருளை அடைக்கும் லீவர் என் வேலை. நான் கை வைத்து, அவர் பார்த்துச் சரி என்ற பிறகு அடைத்தேன். பிறகு தரைக்கு அபாய அழைப்பு கொடுத்தேன். ஓடுபாதையைக் காலி செய்து தீயணைப்பு வண்டிகளைத் தயாராக நிறுத்தினார்கள். பின்னால் இருந்த பணிப்பெண்களின் தலைவியிடம் என்ன நடந்தது, எப்போது இறங்குவோம் என்று சொன்னேன். அவள் பயணிகளைத் தயார் செய்தாள். இதுவரைக்கும் பாடப் புத்தகத்தில் போட்டோ எடுத்துப் போடலாம் போல எல்லாம் நடந்தது.

விமானத்தை என்னிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "நான் பாத்துக்கிறேன்" என்றார். ஒற்றை எஞ்சினில் இறக்குவதைக் கேப்டனே செய்வது தவறில்லை. மதுரையைச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேரே திரும்பினோம். ஒரு இடத்தில், மெதுவாக இறங்குவதற்கு இறக்கைத் தகடுகளை நீட்டச் சொல்லி அவர் என்னிடம் கேட்க வேண்டும், மறந்தார். ஃபிளாப் என்று நினைவூட்டினேன். சுள்ளென்று "தெரியும்" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆயிரம் அடி என்றேன். "செக்."

ஐநூறு அடியில் மறுபடி சொன்னேன். பதில் இல்லை.

வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "கேப்டன், ஸ்பீடு" என்றேன். பதில் இல்லை.

விதிப்படி அந்த இடத்தில் நான் வாங்கியிருக்க வேண்டும். வாங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம், கோபமாக இருக்கிறார் என்று தோன்றியது. ஃபிளாப் விஷயத்தில் நான் திருத்தியது பிடிக்கவில்லை, அதனால்தான் பேசவில்லை என்று தோன்றியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தரை மேலே வந்துகொண்டிருக்கும்போது, என் புத்தி எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன். கண் திறந்து முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"ஐ ஹாவ் கண்ட்ரோல்ஸ்" என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தேன். இதற்கு அவர் விட்டுவிட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். அவர் விடவில்லை. இரண்டு பக்கக் கைப்பிடியும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவருடைய பிடி என் கைக்குத் தெரிந்தது. கல் மாதிரி இருந்தது. அண்ணே விடுங்க என்று கத்தினேன். ஒரே எஞ்சினுக்குச் சக்தி கூட்டினேன், மூக்கு இடது பக்கம் இழுத்தது, காலை அழுத்தி நேராக்கினேன். அவர் பிடி தானாகத் தளர்ந்தது. ஓடுபாதையின் ஆரம்பம் காலுக்கடியில் போனது. விமானம் பலமாகத்தான் இறங்கியது. ஓடுபாதையிலேயே நின்றது. தீ இல்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓயும்போது அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "எதுக்குடா வாங்குன?"

நீங்க பேசல அண்ணே என்றேன்.

"செக்னு சொன்னேன்ல."

அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதாகவே நம்பினார். நடுவில் போன அந்தக் கொஞ்ச நேரம் அவர் கணக்கில் இல்லவே இல்லை.

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. விசாரணை நடந்தது. காக்பிட் பேச்சைப் பதிவு செய்யும் கருவியில் என் இரண்டு அழைப்புகளும் இருந்தன, அவர் பதில் இல்லை. அதைப் போட்டுக் காட்டியபோது இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம். பிறகு, வாயால் சொல்லவில்லை போல, தலையை ஆட்டியிருப்பேன் என்றாராம். என் தலையாட்டலை அடித்துத் திருத்திய மனிதர். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

டாக்டர்கள் தலையைப் படம் எடுத்தார்கள், மூளையின் மின்னோட்டத்தைப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. சில வகை வலிப்பு அப்படித்தான் வந்து போகும், வராத நேரத்தில் தடயம் இருக்காது என்றார்கள். வீட்டில் எப்போதாவது இப்படி நடந்ததா என்று மதினியிடமும் கேட்டார்கள். ஒருநாளும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாம் என் சொல்லில் வந்து நின்றது. அவர் மறுபடி பறப்பதா, இல்லையா என்பது, மென்றுகொண்டிருந்த அந்த வாயை நான் பார்த்தேனா இல்லையா என்பதைப் பொறுத்தது.

இரண்டு பேருக்கும் வேண்டிய ஒரு சீனியர் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். பதற்றத்தில் உனக்கு அப்படித் தெரிந்திருக்கலாம் இல்லையா, அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு மனிதரின் உயிர் அந்த லைசென்சில் இருக்கிறது என்றார். எனக்கும் தெரியும். ஆனால் அவர் திரும்ப ஏறினால் அவரை நம்பிப் பின்னால் ஏறப்போகிறவர்களிடம் யார் இதைச் சொல்வது? பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். அவர் லைசென்ஸ் போய்விட்டது. எனக்குக் கொஞ்ச நாளில் கேப்டன் பதவி வந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

சொந்தப் பக்கத்து ஆள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டான் என்று தேவாரம் முழுக்கப் பேச்சு. கோம்பை, பண்ணைப்புரம் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் அப்பா கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து தேவாரத்துக்கு ஒரு தடவை போனேன். மதினிதான் வாசலுக்கு வந்தார். உள்ளே கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது, நான் நிற்பது அவருக்கும் தெரிந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "தூங்குறாக" என்றார் மதினி. பிறகு மெதுவாக, "இனி வராதீக தம்பி" என்றார். அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. புருஷன் பக்கம் நிற்கிறார், அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ விமானங்களை இறக்கினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தேன். பாடமாகச் சொல்லும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எளிதாகத் தலையாட்டுவார்கள். வாயால் சொல் என்று அதட்டுவேன். யாருடைய குரலில் அதட்டுகிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூடப் போதும் என்று இருந்த வருடங்கள் உண்டு. நான் செய்தது சரி என்று கம்பெனி சொன்னது, விசாரணை சொன்னது. அவர் சொல்லாதவரை அதெல்லாம் எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஓய்வு பெற்று, அரை மணி பஸ் தூரத்தில் குடிவந்த பிறகும் நிலைமை மாறவில்லை. தேவாரம் என்று பலகை போட்ட பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன தையில் சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். யூனிஃபார்மில், தொப்பியோடு, அந்தச் சிரிக்காத முகம். தோப்பில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் குளிக்கப் போனவர் குப்புறக் கிடந்திருக்கிறார். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லையாம். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. மற்றவர்கள் மயக்கம் என்றார்கள், மாரடைப்பு என்றார்கள். எனக்கு அந்த மெல்லும் வாய் கண்முன்னே வந்தது. போஸ்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.

துக்கம் கேட்கப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்து நாற்காலி போடவில்லை. மதினி உள்ளேயிருந்து ஆளனுப்பி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அடுப்படியை ஒட்டிய சின்ன அறை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றபடியே பேசினார். கண்ணில் ஈரமில்லை, அழுது முடித்திருந்தார்.

அன்றைக்குச் சாவுக்கு வந்த இடத்தில் நான் கேட்டது இதுதான். அந்த விமானத்துக்கு முந்தின வருடத்திலிருந்தே அண்ணனுக்கு அது வந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரை என்னங்க என்று கூப்பிட்டால் பதில் வராது. கோபம் என்று நினைத்து மதினி நகர்ந்துவிடுவார். இரண்டாவது தடவை கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் காபி டம்ளர் அவர் கையிலேயே சாய்ந்து, சூடான காபி வேட்டியில் ஊற்றியும் அவர் அசையாமல் எதையோ மென்றுகொண்டிருந்தபோதுதான் இது கோபம் இல்லை என்று புரிந்திருக்கிறது. பார்த்ததை முழுசாகச் சொல்லப் பயந்து, டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் கெஞ்சியிருக்கிறார். களைப்பு, வெளியே வாயைத் திறக்காதே என்று அண்ணன் அடக்கிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது அண்ணன் எதிரே உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் இல்லை என்றார்.

"நீங்க சொன்னது நெசம்னு இந்த வீட்டுல எனக்குத் தெரியும் தம்பி. அவுகளுக்குத்தான் தெரியாது. அந்த நேரம் அவுக கண்ணுலயே பட்டதில்லேல்ல."

பிறகாவது அதை அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

போன வருடம் சொல்லியிருக்கிறார். மறுபடி ஒருநாள் அப்படி ஆனதைப் பார்த்துப் பயந்துபோய், பழசெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். காபி கொட்டியது, மென்றது, விசாரணையில் மறைத்தது எல்லாம். அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அது நிஜமான கோபம் என்றார் மதினி. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது கேட்பாராம், அவனுக்குப் போன் போட்டியா என்று.

"நம்பர் இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க சின்னமனூருக்கு வந்துட்டதையும் சொல்லல."

என் நம்பர் உங்களிடம் இல்லையா மதினி என்றேன்.

"இருந்துச்சு. நீங்க வந்து ஒக்காந்தா, ஏன் மதினி அன்னைக்கே சொல்லலன்னு கேப்பீக. ஊரே கேக்கும். எந்த மொகத்தோட நிப்பேன்? இன்னைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப அவுகளே போயிட்டாக."

என்னிடம் என்ன பேச வேண்டும் என்று சொன்னாரா என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். பேச ஒண்ணும் இல்ல புள்ள, அவன் என்னைய ரெண்டு தடவ கூப்ட்டிருக்கான், நான் பதில் சொல்லாம விட்டுட்டேன், போயிச் சொல்லணும்ல, அப்பிடின்னாக."

பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று மதினி கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஊரின் பதில் இல்லை. ஒரே ஒரு மனிதரின் பதில். அதை அவர் ஒரு வருடமாக வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், நான் அரை மணி தூரத்தில் வாழைத்தார் விலை விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முத்துலட்சுமி மதினி நல்ல மனுஷி. பயந்து வாழ்ந்தவர். அவரை மன்னித்துவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் முடியவில்லை.